நாம மீன் பிடிக்கிற விதத்தை மாத்துறது பக்கத்துல நிக்கிறவங்க தான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

தூண்டில் போடறதைப் பத்தி பேப்பர்ல எப்ப எழுதினாலும் ஒரே மாதிரி தான் வருது. அமைதி, பொறுமை, மனசுக்கு நிம்மதி, கூடவே ஒரு ஆள் தண்ணி ஓரமா தனியா உக்காந்திருக்கிற படம். அது பொய்னு சொல்ல வரல, நானும் ரொம்ப வருஷமா தூண்டில் போடறவன், அந்த நிம்மதி எனக்கும் தெரியும். ஆனா முக்கியமான ஒண்ணு அதுல விட்டுப் போயிடுது. எங்க நிக்கணும், எவ்ளோ ஆழத்துல இரையை விடணும், தக்கை அமுங்கினதும் சுண்டணுமா காத்திருக்கணுமா, எந்த மீனை எடுத்துக்கணும் எதை திருப்பி விடணும், இதுல ஏதாவது ஒண்ணையாவது நானா தனியா உக்காந்து கண்டுபிடிச்சேனான்னு யோசிச்சுப் பாத்தா கிட்டத்தட்ட எதுவுமே இல்ல. எல்லாம் பக்கத்துல நின்னவங்க கிட்ட இருந்து வந்தது. கொஞ்சம் சொல்லிக் கொடுத்து வந்தது, நிறைய சும்மா பாத்தே ஒட்டிக்கிட்டது. நல்லதும் அப்படித்தான் வருது, கெட்டதும் அப்படித்தான் வருது, அதைப் பத்தி யாரும் எழுதறதில்லையேன்னு தான் இந்த லெட்டர். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

புதுசா வர்றவங்க எல்லாரும் தண்ணியைப் பாத்த உடனே வீசிடுவாங்க. ராடை, அதாவது தூண்டில் கம்பை, மாட்டு, முள்ளைக் கட்டு, இரையைக் குத்து, எவ்ளோ தூரம் போகுமோ அவ்ளோ தூரம் வீசு. எனக்கு இந்தப் பழக்கத்தை மாத்தினது ஒரு பெரியவர். அவர் வந்ததும் ராடை உறையை விட்டு எடுக்கவே மாட்டாரு. நிப்பாரு, பாப்பாரு. காத்து எந்தப் பக்கம் அடிக்குது, மேல மிதக்கிற பூச்சி குப்பை எல்லாம் எந்தக் கரையில போய் ஒதுங்குது, சின்ன மீனுங்க எங்க திடீர்னு சிதறுது, வெயில் எங்க விழுது நிழல் எங்க நிக்குது, நீரோட்டம் எந்தக் கல்லுக்குப் பின்னாடி மெதுவாகுது, இதெல்லாம் பாத்துட்டு தான் உறையை அவுப்பாரு. ஒரு வார்த்தை கூட பாடம் மாதிரி சொன்னதில்ல. ஆனா அவர் பக்கத்துல நிக்கிறப்ப நீங்க மட்டும் படபடன்னு வீசிக்கிட்டே இருக்க முடியாது, கை தானா அடங்கிடும். காத்து அடிக்கிற கரையில இரை சேரும், இரை சேர்ற இடத்துக்கு மீன் வரும், அதனால முகத்துல காத்து அடிச்சு வீசறதுக்கு கஷ்டமா இருக்கிற கரை தான் பல நாள் நல்ல கரைங்கிறது அவரைப் பாத்து தான் புரிஞ்சுது. எல்லாரும் வசதியா முதுகுப் பக்கம் காத்து வர்ற கரையில நிப்பாங்க, அவர் மட்டும் எதிர்க்கரையில கண்ணைச் சுருக்கிக்கிட்டு நிப்பாரு.

அதே மாதிரி வேகம். லூர், அதாவது மீன் மாதிரி செஞ்ச பொய் இரை, போடறவங்களுக்கு இது நல்லா தெரியும், வீசினதும் தூண்டில் நரம்பைச் சுத்தற ரீலை ஒரே வேகத்துல சுத்திக்கிட்டே இருக்கணும்னு கை துடிக்கும். கூட வர்ற நண்பர் ஒருத்தர் சுத்துவாரு, நிறுத்துவாரு, மறுபடி ரெண்டு சுத்து, மறுபடி நிறுத்துவாரு. அந்த நிறுத்தத்துல தான் மீன் வந்து இரையை அடிக்கும். மீனோட உடம்புச் சூடு தண்ணியோட சூட்டோடயே ஏறி இறங்குறது, தண்ணி குளிர்ந்துச்சுன்னா அதோட உடம்பு வேலை செய்ற வேகமும் குறைஞ்சுடும், ஓடிப் போய் துரத்தறதுக்கு அதுக்கு மனசு வராது, அதனால குளிர்ற நாள்ல மெதுவா இழுக்கணும்னு அவர் விளக்கினது அப்புறம் தான். முதல்ல நான் பாத்தது அவர் கை நின்னு நின்னு போறதை மட்டும் தான். இப்ப என் கையும் அப்படித்தான் போகுது, யாராவது கேட்டா என் ஸ்டைல்னு சொல்ல எனக்கு உரிமையே இல்ல.

சின்னச் சின்ன விஷயம் எல்லாம் இப்படித்தான் கை மாறுது. முள்ளு கூரா இருக்கான்னு பாக்க நகத்து மேல லேசா வச்சு இழுத்துப் பாக்கிறது, கூரா இருந்தா நகத்துல மாட்டி நிக்கும், மழுங்கி இருந்தா வழுக்கிட்டுப் போகும். முடிச்சுப் போட்டு இறுக்கறதுக்கு முன்னாடி எச்சியோ தண்ணியோ தொட்டு நனைக்கிறது, ஏன்னா காஞ்ச நைலான் நரம்பை இறுக்கினா உரசல்ல சூடாகி அந்த இடத்துலயே பலம் போயிடும். ரீல்ல ட்ராக், அதாவது மீன் எவ்ளோ பலமா இழுத்தா நரம்பு வெளிய போகணும்னு வைக்கிற பிடி, அதை கையால இழுத்துப் பாத்து குத்துமதிப்பா வைக்காம சின்ன தராசை மாட்டி, நரம்பு தாங்கற எடையில கால் பங்குல இருந்து மூணுல ஒரு பங்குக்குள்ள வைக்கிறது. யாராவது செய்றதைப் பாத்து "அண்ணே அது எதுக்கு"ன்னு கேட்டா தான் இதெல்லாம் வரும், வீடியோல பாக்கலாம் தான், ஆனா நீங்க தப்பா செய்யறப்ப வீடியோ உங்களைப் பாத்து நிறுத்தச் சொல்லாதே.

இதுக்கு சரியான உதாரணம்னா சர்க்கிள் ஹூக் தான், இதைக் கொஞ்சம் விரிவா சொல்லணும். சாதாரண முள்ளுல மீன் கொத்தினதும் வெடுக்குன்னு சுண்டணும், அப்ப தான் வாயில ஏறும். எல்லாரும் முதல்ல பழகறதும் அது தான், கொஞ்ச நாள்லயே யோசிக்காம நடக்கற அளவுக்கு உடம்புல ஊறிடும். சர்க்கிள் ஹூக்ல முனை உள்பக்கமா தண்டைப் பாத்து வளைஞ்சிருக்கும். அதுல சுண்டினா முள்ளு வாயை விட்டு சும்மா வெளிய வந்துடும். சுண்டாம மீன் திரும்பிப் போகட்டும்னு விட்டு, நரம்பு விறைச்சதும் மெதுவா ரீலை மட்டும் சுத்தினா முள்ளு வழுக்கிக்கிட்டே வந்து தாடையோட ஓரத்துல போய் மாட்டும். தொண்டைக்குள்ளயோ குடல்லயோ மாட்டறது ரொம்பவே குறையும், அதனால திருப்பி விட்ட மீன் பிழைக்கிறதுக்கு வாய்ப்பு அதிகம். பசிபிக் கடல்ல ஹாலிபட் மீன் பிடிக்கிற தொழில்காரங்க 1980-கள்லயே இந்த முள்ளுக்கு மாறிட்டாங்க, ஏன்னா அதுல மாட்டின மீன் தப்பிக்கிறது குறைவு. இவ்வளவும் எழுத்துல படிச்சா சுலபமா இருக்கு. ஆனா தக்கை அமுங்குது, ராடு நுனி வளையுது, அப்ப சுண்டாம இருங்கன்னா எந்த மனுஷனால முடியும்? பக்கத்துல ஒருத்தர் நின்னு "சுண்டாத தம்பி, விடு, போகட்டும், இன்னும் போகட்டும், இப்ப சுத்து"ன்னு ஒவ்வொரு தடவையும் சொல்லணும். எனக்கு அப்படி ஒருத்தர் சொன்னாரு. இப்ப புதுசா வர்ற பசங்களுக்கு நான் அதே வார்த்தையில அதே குரல்ல சொல்றேன். இதை வேற எப்படியும் கத்துக்க முடியும்னு எனக்குத் தோணல.

இது நம்ம மாதிரி சாதாரண ஆளுங்களுக்கு மட்டும் நடக்கறது இல்ல, தூண்டிலோட வரலாறே இப்படித்தான் நகர்ந்திருக்கு. இங்கிலாந்துல ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்டுன்னு ஒருத்தர், தண்ணி மேல மிதக்கிற பூச்சி மாதிரி கட்டின தூண்டில்ல டிரவுட்ங்கிற மீனைப் பிடிக்கிற டிரை ஃப்ளை முறைக்கே அவர் தான் தலைமைப் பேரு. ஆனா 1879-ல வின்செஸ்டர்ல ஒரு தூண்டில் சாமான் கடையில அவர் ஜார்ஜ் செல்வின் மேரியட்டைச் சந்திக்கலைன்னா அந்தப் பேரு வந்திருக்குமான்னே தெரியாது. மேரியட் கை தேர்ந்த ஆளு, கூட இருந்து பூச்சி பாக்கிறது, கட்டறது, வீசறதுன்னு எல்லாத்துலயும் ஹால்ஃபோர்டை மாத்தினாரு. 1886-ல புத்தகம் போடறப்ப உங்க பேரையும் சேத்துப் போடலாம்னு ஹால்ஃபோர்டு கேட்டும் மேரியட் வேணாம்னுட்டாரு. அதனால உலகத்துக்கு ஒருத்தர் பேரு தான் தெரிஞ்சுது. நான் படிச்சதுல இந்த இடம் மனசுல ரொம்ப நின்னுடுச்சு, ஏன்னா எல்லா தண்ணிக்கரையிலயும் இப்படி ஒரு மேரியட் இருப்பாரு, பேரு வெளிய வராது.

அப்புறம் கெண்டை பிடிக்கிறவங்களுக்குத் தெரிஞ்ச ஹேர் ரிக். ரிக்னா முள்ளையும் இரையையும் நரம்புல கட்டற அமைப்பு. கெண்டை ரொம்ப சூதானமான மீன், இரையை வாயில உறிஞ்சி, ஏதாவது வித்தியாசமா பட்டா உடனே துப்பிடும். லென் மிடில்டன், கெவின் மேடக்ஸ்னு இங்கிலாந்துல ரெண்டு நண்பர்கள் 1980 வாக்குல ஒரு வழி கண்டுபிடிச்சாங்க, இரையை முள்ளுலயே குத்தாம முள்ளோட ஒரு மெல்லிய முடியைக் கட்டி அதுல இரையைத் தொங்கவிடறது. ஆரம்பத்துல நிஜமான தலைமுடி தான். இரை தனியா ஆடறதால மீன் நம்பி உறிஞ்சும், துப்பறப்ப வெறுமனே இருக்கிற முள்ளு உதட்டுல மாட்டிக்கும். கொஞ்ச காலம் அவங்க வட்டத்துக்குள்ள தான் வச்சிருந்தாங்க, அப்புறம் வெளிய தெரிஞ்சதும் கெண்டை பிடிக்கிற உலகமே மாறிடுச்சு. ஒருத்தர் யோசனையை இன்னொருத்தர் தண்ணியில போட்டுப் பாத்து, சரியா வரலைன்னு சொல்லி, மறுபடி மாத்தி, இப்படித்தான் இது வந்துச்சு. தனியா உக்காந்திருந்தா பாதியில கைவிட்டிருப்பாங்கன்னு நான் நம்பறேன்.

இன்னொண்ணும் சொல்லணும். பிரிட்டன்ல தூண்டில்ல பிடிச்ச சால்மன்லயே பெருசு ஜார்ஜினா பாலன்டைன்னு ஒரு பெண் 1922 அக்டோபர்ல ஸ்காட்லாந்துல இருக்கிற டே ஆத்துல பிடிச்சது, 64 பவுண்டு, அதாவது 29 கிலோ. 100 வருஷம் தாண்டியும் அந்த சாதனை அப்படியே நிக்குது. படகுல கூட இருந்தது அவங்க அப்பா, அந்த ஆத்துலயே வேலை பாத்தவரு. ரெண்டு மணி நேரத்துக்கு மேல அந்த மீனோட போராட்டம். மீன் எந்தப் பக்கம் ஓடுதோ அதுக்கேத்த மாதிரி படகைப் பிடிக்க ஆள் இல்லாம அது நடந்திருக்கவே நடக்காது. ராடு பிடிச்சது அந்தப் பொண்ணு, சாதனை முழுசா அவங்களோடது, அதுல சந்தேகம் இல்ல. ஆனா பக்கத்துல சரியான ஆள் இருந்தா என்ன ஆகும்னு பாக்க இதை விட நல்ல சம்பவம் எனக்குத் தெரியல.

இது வரைக்கும் நல்லதையே சொன்னேன். கெட்டதும் இதே வழியில தான் வருதுன்னு முதல்லயே சொன்னேன் இல்லையா, அதுக்கு வர்றேன்.

கூட்டம் ஒரு மாதிரி நினைக்க ஆரம்பிச்சா அதுக்கு மாறா செய்றவன் மேல வர்ற அழுத்தம் சாதாரணமானது இல்ல. அதே ஹால்ஃபோர்டு கதையோட அடுத்த பகுதி இது தான். அவர் மறைஞ்ச பிறகும் அவரைப் பின்பத்தினவங்க டிரை ஃப்ளை தான் ஒழுங்கான முறை, மத்ததெல்லாம் கௌரவக் குறைச்சல்னு பிடிவாதமா நின்னாங்க. ஜி.இ.எம். ஸ்கியூஸ்னு ஒருத்தர், வக்கீல், அவர் சொன்னது ரொம்ப எளிமையான விஷயம்: மீன் தண்ணிக்கு அடியில பூச்சிக் குஞ்சை தின்னுக்கிட்டு இருக்கிறப்ப மேல மிதக்கறதை ஏன் போடணும், அந்தக் குஞ்சு மாதிரியே கட்டி அடியில போற நிம்ஃபைப் போடுங்க. 1910-லயே இதை எழுதினாரு. மீன் என்ன செய்யுதுன்னு கண்ணால பாத்துட்டு சொன்ன மனுஷன். ஆனா 1938-ல லண்டன்ல ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்ல இதுக்காகவே ஒரு விவாதம் நடந்துச்சு, கிட்டத்தட்ட விசாரணை மாதிரி. 1883-ல இருந்து மீன் பிடிச்சுக்கிட்டு இருந்த இச்சன் ஆத்துப் பகுதியை அவர் அந்த வருஷமே விட்டுட்டாரு, அப்ப 80 வயசு ஆகப் போகுது. இன்னிக்கு நிம்ஃப் போடாத ஃப்ளை ஃபிஷிங் ஆளே கிடையாது. சரியா சொன்னவரை கூட நிக்கிறவங்களே அந்த வயசுல அந்த இடத்துக்குத் தள்ளினாங்கன்னு நினைச்சா இப்பவும் எனக்கு வருத்தமா தான் இருக்கு.

அந்த அளவுக்கு இல்லைன்னாலும் சின்ன அளவுல எல்லாக் கரையிலயும் இது நடக்குது. தக்கை போட்டு மண்புழுவுல பிடிக்கிற ஆளைப் பாத்து லூர் ஆளுங்க ஒரு மாதிரி பாப்பாங்க. விலை அதிகமான ராடு வச்சிருக்கிறவர் சொன்னா அது தான் வேதம். ஒருத்தருக்கு ஒரு கலர் லூர்ல நல்ல மீன் கிடைச்சா அடுத்த வாரம் எல்லார் பெட்டியிலயும் அதே கலரு. யாரோ ஒருத்தர் ராடு வளைஞ்சதும் அத்தனை பேரும் அந்தப் பக்கமே நகர்ந்து வந்து, ஒருத்தர் நரம்பு மேல இன்னொருத்தர் நரம்பைப் போட்டு சிக்கலாக்கி, கடைசியில யாருக்கும் ஒண்ணும் கிடைக்காம போகும். பாத்துக் கத்துக்கறதுக்கும் யோசிக்காம காப்பி அடிக்கறதுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கு. அவர் ஏன் அந்த இடத்துல நிக்கிறாரு, ஏன் அந்த ஆழம் வச்சாருன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டா அந்த அறிவு உங்களுக்கு வேற தண்ணியிலயும் உதவும், அவர் நின்ன இடத்துல போய் நின்னா அன்னிக்கு ஒரு நாள் தான், அதுவும் சந்தேகம்.

இதுல இன்னொரு கணக்கும் இருக்கு, மீனும் கத்துக்குது. நெதர்லாந்துல பியூக்கமான்னு ஒரு ஆய்வாளர் 1970-லயே எழுதினாரு, ஒரு தடவை தூண்டில்ல மாட்டின கெண்டை ஒரு வருஷம் வரைக்கும் கூட முள்ளை ஒதுக்கிட்டுப் போகுதுன்னு. 2020-ல வந்த ஒரு ஆய்வுல தானா மாட்டாம மத்த கெண்டை மாட்டறப்ப கூட இருந்த கெண்டையும் உஷாராகுதுன்னு சொல்றாங்க. அதாவது நாம பக்கத்துல நிக்கிறவனைப் பாத்துக் கத்துக்கற மாதிரியே அதுவும் பக்கத்துல நீந்தறதைப் பாத்துக் கத்துக்குது. அப்படி இருக்க ஒரே குளத்துல எல்லாரும் ஒரே இரை, ஒரே ரிக், ஒரே ஆழம்னு போட்டா என்ன ஆகும்? கொஞ்ச நாள்ல "இங்க மீனே இல்லப்பா"ன்னு பேச்சு வரும். மீன் இருக்கும், நாம எல்லாரும் ஒரே ஆளா மாறிட்டோம், அவ்ளோ தான். அந்த நேரத்துல கூட்டத்துல இருந்து விலகி சின்ன முள்ளு, மெல்லிய நரம்பு, வேற இரைன்னு போடறவருக்கு மட்டும் கிடைக்கும், அவரைத் தான் எல்லாரும் வித்தியாசமா பாத்துக்கிட்டு இருந்திருப்பாங்க.

இப்ப எனக்கு ரொம்ப முக்கியமா படற விஷயம், உங்களுக்கு இந்த லெட்டர் எழுத காரணமே இது தான். மீனை எப்படி நடத்தறோம்ங்கிறது.

பிடிச்ச மீனை திருப்பி விடற பழக்கம் இன்னிக்கு உலகம் முழுக்க இருக்கு, ஆனா அது தானா வரல, சில பேர் கூட இருக்கிறவங்க கிட்ட விடாம சொல்லிச் சொல்லி வந்தது. லீ வுல்ஃப்ங்கிற அமெரிக்கர் 1939-லயே எழுதினாரு, இவ்ளோ அருமையான மீனை ஒரே ஒரு தடவை பிடிச்சு முடிச்சுடறது சரியில்லன்னு. ரே ஸ்காட் 1968-ல பாஸ் மீன் பிடிக்கிறவங்களுக்குன்னு சங்கம் ஆரம்பிச்சு போட்டி நடத்தினவரு, 1972-ல தன்னோட போட்டியில மீனை சாகடிக்காதீங்க, உயிரோட எடை போட்டு திருப்பி விடணும்னு கொண்டு வந்தாரு. அதுக்கு முன்னாடி பெரிய மீனைக் கயித்துல கோத்துத் தூக்கிக் காட்டறது தான் பெருமை. ஜெயிக்கிறவங்க தண்ணியில விடறதைப் பாத்த பிறகு தான் பாக்கிறவங்களுக்கும் அது பெருமையாச்சு. சட்டத்தால வந்த மாற்றம் இல்ல அது, முன்னாடி நிக்கிற ஆளு செய்றதைப் பாத்து பின்னாடி நிக்கிறவன் செஞ்சது.

ஆனா திருப்பி விட்டாலே போதும்னு இல்ல. 1992-ல ரெயின்போ டிரவுட்டை வச்சு கனடாவுல ஒரு ஆய்வு வந்துச்சு. மீனைக் களைச்சுப் போற வரைக்கும் துரத்தி, வெளிய எடுக்காம தண்ணியிலயே விட்டதுல 12 சதவீதம் செத்துச்சு. அப்படி களைச்ச மீனை 30 செகண்ட் காத்துல வச்சதுல 38 சதவீதம் செத்துச்சு. 60 செகண்ட் வச்சதுல 72 சதவீதம். ஆய்வுக்கூடத்துல பண்ணது, எல்லா மீனுக்கும் இதே கணக்கு வராது, சில ஜாதி ரொம்ப தாங்கும். இருந்தாலும் ஒரு நிமிஷம்ங்கிறது போட்டோ எடுக்கறதுக்கு நாம எடுத்துக்கற நேரம் தான். போனை எடு, லாக்கைத் திற, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பு, இன்னொண்ணு எடுத்துக்கறேன், கண்ணு மூடிட்ட, மறுபடி. இவ்ளோ நேரமும் மீன் காத்துல வாயைத் திறந்து மூடிக்கிட்டு இருக்கு. அப்புறம் தண்ணியில விடறோம், நீந்திப் போகுது, எல்லாரும் சந்தோஷமா கை தட்டறோம். அது அப்புறம் என்ன ஆச்சுன்னு நம்ம யாருக்கும் தெரியாது.

என் கூட மீன் பிடிக்கிற ஒரு அக்கா இருக்காங்க. அவங்க மீனைத் தொடறதுக்கு முன்னாடி ரெண்டு கையையும் தண்ணியில நனைப்பாங்க, காஞ்ச கையால பிடிச்சா மீன் மேல இருக்கிற வழுவழுப்பு போயிடும், நோய் வராம காப்பாத்தறதே அந்தப் படலம் தான். செவுளுக்குள்ள விரலை விடவே மாட்டாங்க. பெரிய மீனுன்னா தாடையை மட்டும் பிடிச்சு நட்டுக்குத்தலா தொங்கவிட மாட்டாங்க, வயித்துக்கு அடியில இன்னொரு கை கண்டிப்பா இருக்கும். முள்ளு உள்ள ஆழமா போயிருந்தா நோண்டிப் பிடுங்காம நரம்பை வெட்டி விட்டுடுவாங்க. முள்ளு கழண்டு வராம தடுக்க முனைக்குப் பக்கத்துல பின்னோக்கி நீட்டிக்கிட்டு இருக்கிற சின்ன எதிர்முள்ளை குறடால அமுக்கி வச்சிருப்பாங்க, கழட்டறது ஒரு நொடி. போட்டோ வேணும்னா மீனை வலைக்குள்ள தண்ணியிலயே வச்சிருந்து, போனை ரெடி பண்ணிட்டீங்களான்னு கேட்டுட்டு தான் தூக்குவாங்க, சொட்டுற தண்ணி நிக்கறதுக்குள்ள மறுபடி உள்ள போயிடும். யாருக்கும் அறிவுரை சொல்ல மாட்டாங்க. அவங்க கூட ஒரு சீசன் போன யாரும் அப்புறம் மீனைத் தரையில புரளவிட்டு நான் பாத்ததில்ல, அவங்க இல்லாதப்பவும்.

இதுக்கு நேர் மாறான ஆளுங்களையும் பாத்திருக்கேன், பேரு வேணாம். பெருசா சத்தம் போட்டு, கிடைச்ச குஞ்சு மீனைக் கூட விடாம சாக்குல போட்டு, அறுந்த நரம்பைச் சுருட்டி அங்கயே எறிஞ்சுட்டுப் போறவங்க. அந்த நரம்பு பறவை கால்ல சுத்தினா அது சாக வேண்டியது தான். பிரிட்டன்ல நரம்புல எடைக்குக் கட்டறது, கரையில சிந்தின அந்த சின்ன ஈயக்குண்டை கல்லுன்னு நினைச்சு விழுங்கி அன்னப்பறவைங்க செத்துச் செத்து, கடைசியில 1987-ல சின்ன ஈயக்குண்டு விக்கறதையே தடை பண்ண வேண்டியதாச்சு, அப்புறம் தான் பறவைங்க எண்ணிக்கை ஏறுச்சு. என் கவலை என்னன்னா அந்த மாதிரி ஆளுங்க பக்கத்துலயும் சின்னப் பசங்க நிக்கிறாங்க. மொத மொதல்ல ராடு பிடிக்கிற பையனுக்கு எது சரி எது தப்புன்னு தெரியாது, மீன் நிறைய பிடிக்கிறவர் யாரோ அவரைத் தான் பாப்பான். அவர் நரம்பை எறிஞ்சா அவனும் எறிவான். அந்த அக்கா பக்கத்துல நின்னிருந்தா நனைஞ்ச கையோட நின்னிருப்பான். ரெண்டு பசங்களுக்கும் ஒரே ஆர்வம் தான், நின்ன இடம் தான் வேற.

அனுபவம் உள்ளவங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். பக்கத்துல புதுசா ஒருத்தர் வந்தா ரெண்டு மாதிரி பண்றாங்க. ஒண்ணு, வாயே திறக்காம முறைச்சுக்கிட்டு இடத்தை மறைச்சுக்கறது. இல்லைன்னா கேக்காமலே பத்து விஷயத்தை ஒரே மூச்சுல சொல்லி, அவர் ராடைப் பிடுங்கி தானே வீசிக் காட்டி, அவர் போதும்டா சாமின்னு கிளம்பிப் போற மாதிரி பண்றது. நல்ல இடத்தை ஊருக்கெல்லாம் சொல்லுங்கன்னு நான் சொல்லல, ஒரு சின்ன இடத்தைப் போட்டோவோட பரப்பி கூட்டம் சேத்தா அந்த இடம் அழிஞ்சு போயிடும், அதுல ரகசியம் காக்கறது நியாயம் தான். ஆனா முறையை மறைக்க வேண்டிய அவசியம் இல்ல. முடிச்சை நனைக்கச் சொல்றதாலயோ மீனை எப்படிப் பிடிக்கணும்னு காட்டறதாலயோ உங்க மீன் ஒண்ணும் குறையாது. ஒரு நாளைக்கு ஒரு விஷயம் சொன்னா போதும், அதுவும் அவர் கேட்டாருன்னா.

உங்க கிட்ட என் வேண்டுகோள் இது தான். வாசகர்கள் அனுப்பற மீன் படங்களைப் போடறப்ப செவுள்ல விரலை விட்டுத் தூக்கின படம், மண்ணுல கிடத்தி வரிசையா அடுக்கின படம், இதையெல்லாம் தவிர்த்துடுங்க. தண்ணியோட ஒட்டி, ரெண்டு கையால தாங்கிப் பிடிச்ச படமா பாத்துப் போடுங்க. எத்தனையோ பேருக்கு பக்கத்துல நிக்க நல்ல ஆள் யாரும் கிடைக்கறதில்ல, அவங்களுக்கு பேப்பர்ல வர்ற படம் தான் பக்கத்துல நிக்கிற ஆளு. கூடவே படம் அனுப்பறவங்க கிட்ட எவ்ளோ எடைன்னு கேக்கறதோட இதை யார் கிட்ட கத்துக்கிட்டீங்க, என்ன கத்துக்கிட்டீங்கன்னு ரெண்டு வரி கேட்டு வாங்கிப் போட முடியுமான்னு பாருங்க. முதல் ஆளா நான் எழுதி அனுப்பறேன், அந்தப் பெரியவரைப் பத்தியும் அந்த அக்காவைப் பத்தியும் இன்னும் நிறைய சொல்ல இருக்கு, அவங்க சம்மதம் வாங்கிட்டு.

இப்படிக்கு,
தூண்டில் போடற உங்க வாசகன்